வளர்ப்பு சரியில்லை என்று யாரைச் சொல்கிறீர்கள்?

2022 ஜூலையைப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை வைத்திருந்த எந்தத் தமிழ்நாட்டுக் குடும்பமும் எளிதில் மறந்திருக்காது. 13ஆம் தேதி கள்ளக்குறிச்சி கனியாமூரில் ஒரு மாணவியின் மரணம். அதைக் கொலை என்றே அந்தத் தாய் சொல்லிவருகிறார். அந்த வழக்குக்குள் இங்கே நான் போகவில்லை. 25ஆம் தேதி எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துக் கீழச்சேரியில், விடுதியில் தங்கிப் பன்னிரண்டாம் வகுப்பு படித்த மாணவி. மறுநாளே கடலூர் மாவட்டத்தில் இன்னொரு மாணவி. பெற்றோரின் ஐ.ஏ.எஸ். கனவைத் தன்னால் நிறைவேற்ற முடியவில்லை என்று அவர் எழுதிவைத்திருந்ததாகச் செய்தி வந்ததும் பேச்சு சட்டென்று திரும்பியது. அதுவரை பள்ளி நிர்வாகம், விடுதி, காவல்துறை என்று இருந்த விவாதம் பெற்றோரிடம் வந்து உட்கார்ந்துகொண்டது. செல்லம் கொடுத்துக் கெடுக்கிறோம் என்றார்கள் சிலர். அழுத்தம் கொடுத்துச் சாகடிக்கிறோம் என்றார்கள் சிலர். இரண்டு தரப்பும் ஒத்துப்போன இடம் ஒன்றுதான்: வளர்ப்பு சரியில்லை.

தமிழில் ‘வளர்ப்பு’ வெறும் வினைப்பெயர் அல்ல. பிறப்பைச் சொல்லி ஏசக் கூச்சப்படுகிறவர்கள், அல்லது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்குப் பயப்படுகிறவர்கள், வளர்ப்பைச் சொல்லி ஏசுவார்கள். “அதுங்க வளர்ப்பே அப்படித்தான் சார்” என்று ஆசிரியர் ஓய்வறையில் சொல்லப்படும்போது ‘அதுங்க’ யார் என்பது அறையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். ஆகவே பதின்ம வயதினரின் தற்கொலையையும் பெற்றோரின் வளர்ப்பு முறையையும் இணைத்துப் பேசும்போது நாம் கொஞ்சம் நிதானமாகத்தான் பேச வேண்டும். பேசாமலும் இருக்க முடியாது. ஏனென்றால் அந்த இணைப்பு உண்மையில் இருக்கிறது.

அமெரிக்காவின் பெர்க்லியில் டயானா பாம்ரிண்ட் என்ற உளவியலாளர் 1960களில் பெற்றோரை மூன்று வகையாகப் பிரித்தார். சொன்னதைச் செய் என்று அதிகாரம் மட்டும் செலுத்துகிறவர்கள்; கண்டிப்பும் கனிவும் சேர்ந்து, காரணத்தைச் சொல்லி வளர்க்கிறவர்கள்; பிள்ளை போக்கில் விட்டுவிடுகிறவர்கள். 1983இல் எலினார் மக்கோபியும் ஜான் மார்ட்டினும் நான்காவதாக, கண்டுகொள்ளாமலே விடுகிறவர்களையும் சேர்த்தார்கள். ஆஸ்திரேலியாவில் கார்டன் பார்க்கரும் அவருடைய சகாக்களும் 1979இல் இன்னொரு அளவுகோலைக் கொண்டுவந்தார்கள். அதில் இரண்டே கேள்விதான்: எவ்வளவு அக்கறை, எவ்வளவு கட்டுப்பாடு. அக்கறை குறைந்து கட்டுப்பாடு மட்டும் மிகுந்த வீட்டை அவர்கள் ‘அன்பற்ற கட்டுப்பாடு’ என்றார்கள். அப்படிப்பட்ட வீடுகளில் வளரும் பிள்ளைகளிடம் மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் கூடுதலாக இருப்பதைப் பிறகு வந்த பல ஆய்வுகள், பல நாடுகளில், காட்டியிருக்கின்றன. இதை மறுப்பதற்காக இதை எழுதவில்லை. நம் தெருக்களிலும் இது கண்ணால் பார்க்கக்கூடிய விஷயம்தான்.

ஆனால் ஆய்வு மாணவனாக எனக்குச் சில சந்தேகங்கள் உண்டு. பாம்ரிண்ட் முதலில் பார்த்தது பெரும்பாலும் வெள்ளை நடுத்தர வர்க்கத்துப் பெற்றோர்களின், இன்னும் பள்ளிக்குப் போகாத சின்னக் குழந்தைகளை. அந்த அளவுகோலை வைத்து அமெரிக்காவில் குடியேறிய சீனக் குடும்பங்களை அளந்தால் பொருள் மாறிப்போகிறது என்று ரூத் சாவ் 1994இலேயே எழுதினார். இன்னொன்று, இரண்டு விஷயங்கள் சேர்ந்து இருக்கின்றன என்பதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. ஏற்கெனவே சோர்ந்து, பேச்சைக் குறைத்து, கதவைச் சாத்திக்கொள்ளும் பிள்ளையைக் கண்டு பயந்துபோய்க் கட்டுப்பாட்டைக் கூட்டுகிற பெற்றோரும் அதே கட்டத்தில்தான் விழுவார்கள். கேள்வித்தாளுக்கு எது முதலில் நடந்தது என்று தெரியாது. அந்தப் பெற்றோர் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தார்கள் என்றும் தெரியாது.

திருநின்றவூரில் அந்த நேரக் கணக்கு இப்படி இருக்கும். விடியற்காலை வண்டியில் பட்டரவாக்கத்துக்கும் அம்பத்தூருக்கும் போகிறவர்கள் ஒரு கூட்டம். சென்னையில் மருத்துவமனையிலும் மாலிலும் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போகும் பெண்கள் இன்னொரு கூட்டம். பிள்ளைக்கு டிபன் கட்டி மூடிவைத்துவிட்டு, அது தூங்கிக்கொண்டிருக்கும்போதே கதவைச் சாத்திவிட்டுப் போவார்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், கும்மிடிப்பூண்டி, தேர்வாய்க்கண்டிகை கம்பெனிகளுக்கு வேன் வரும். ஆறு மணிக்குத் தொடங்கினால் இரண்டு மணி, இரண்டுக்குத் தொடங்கினால் இரவு பத்து, பத்துக்குப் போனால் விடியல் ஆறு. வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். வேன் ஒன்றரை மணி நேரம் சுற்றும். ஒப்பந்தத் தொழிலாளி ஆள் வரவில்லை என்று ஓவர்டைமுக்கு நிற்கச் சொன்னால் மறுக்க முடியாது. மறுநாள் கேட்டில் பெயர் இருக்காது. இந்த வீட்டில் வளரும் பதினைந்து வயதுப் பையனிடம் ‘உன் அப்பா உன் பிரச்சினைகளைப் பொறுமையாகக் கேட்பாரா’ என்று கேட்டால் அவன் இல்லை என்றுதான் குறிப்பான். அப்பா கண்டுகொள்ளாத பெற்றோர் பட்டியலில் சேர்ந்துவிடுவார். அப்பா அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருப்பார், பகலில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே.

என் அப்பாவும் ஷிப்டு வேலை பார்த்தவர்தான். வாரத்தில் நாங்கள் விழித்திருக்கும்போது அவரும் விழித்திருந்த மணி நேரத்தை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த நேரத்தில் பாதி எங்களை அதட்டுவதற்குப் போய்விடும். குறைந்த நேரத்தில் அப்பாவாக இருக்க வேண்டியவர் சுருக்கமாகத்தான் இருப்பார். சுருக்கம் என்றால் அதட்டல். இதை நியாயப்படுத்தவில்லை, எப்படி வருகிறது என்று சொல்கிறேன்.

அடுத்தது கட்டுப்பாடு. ஒரு சாதி இந்து வீட்டில் வயதுக்கு வந்த பெண்ணின் செல்போனைப் பிடுங்கி வைக்கிறார்கள். நம் தெருவிலும் பிடுங்கி வைக்கிறார்கள். கேள்வித்தாளில் இரண்டும் ‘அதீதக் கட்டுப்பாடு’. ஆனால் முதல் வீடு காப்பாற்ற நினைப்பது சாதியை. அகமணம்தான் சாதியின் உயிர்நாடி என்று 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் அம்பேத்கர் விளக்கினார். அந்த உயிர்நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் அந்த வீட்டின் ‘கண்டிப்பு’. நம் வீடு காப்பாற்ற நினைப்பது பிள்ளையின் உயிரை. இளவரசன், கோகுல்ராஜ், உடுமலை சங்கர், 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் வெட்டிக் கொல்லப்பட்ட கவின் என்று ஒவ்வொரு பெயரும் செய்தியில் வரும்போது, காதலிக்கும் வயதில் பிள்ளை வைத்திருக்கும் தலித் பெற்றோருக்கு அடிவயிறு கலங்குகிறது. அன்றைக்கு ராத்திரி அந்த வீட்டில் ஒரு விசாரணை நடக்கும், சில வீட்டில் அடியும் விழும். தெருமுனையில் நின்றால் போலீஸ் வண்டியில் ஏற்றுவான் என்ற பயம் தனி. ‘சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வெளியே நின்றால் காலை உடைப்பேன்’ என்று சொல்லும் அப்பாவுக்கு, வேறொருவன் வந்து உடைப்பான் என்று தெரியும்.

இரண்டு கட்டுப்பாடுகளின் காரணம் வேறு. ஆனால் அவற்றின் கீழே இருக்கும் பிள்ளைக்கு என்ன வித்தியாசம்? அங்கேதான் நமக்குச் சங்கடம். பயத்தால் அடித்தாலும் ஆணவத்தால் அடித்தாலும் அடிபட்ட பிள்ளைக்கு வீடு பேச முடியாத இடமாகிவிடுகிறது. ‘சமூகக் காரணம்’ என்று ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு நம் வீட்டுக்குள் நடப்பதைப் பேசாமல் தாண்டிவிடுகிற வழக்கம் இயக்கத் தோழர்களிடமும் இருக்கிறது. மேடையில் கற்பி, ஒன்றுசேர் என்று முழங்கிவிட்டு வீட்டில் மார்க் ஷீட்டை மகன் முகத்தில் விசிறி அடிக்கிறவர்களை நமக்குத் தெரியாதா என்ன?

பள்ளிக்கூடமும் இந்தப் பேச்சில் ஒளிந்துகொள்கிறது. 2017 நவம்பர் 24ஆம் தேதி, அரக்கோணத்தைத் தாண்டி இருக்கும் பனப்பாக்கத்தில், அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பதினோராம் வகுப்பு படித்த நான்கு மாணவிகள் ஒன்றாக உயிரை மாய்த்துக்கொண்டார்கள். வகுப்பில் கண்டிக்கப்பட்டு, பெற்றோரை அழைத்து வாருங்கள் என்று சொல்லப்பட்டிருந்தார்கள் என்பதே அன்று வெளியான செய்தி. நால்வர். ஒருத்தி கூட வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடலாம் என்று மற்றவர்களை இழுத்துக்கொண்டு போகவில்லை. அந்தப் பிள்ளைகளின் மனதில் என்ன ஓடியது என்று தெரிந்ததுபோல எழுதுவது அநாகரிகம். ஆனால் ‘பெற்றோரை அழைத்து வா’ என்ற மூன்று சொல் கட்டளை எங்கள் மாதிரிக் குடும்பங்களில் என்ன செய்யும் என்பதை எழுத எனக்கு உரிமை உண்டு.

முதலில் ஒரு நாள் கூலி போகும். தினக்கூலிக்கு அது சோறு. ஒப்பந்தத் தொழிலாளிக்கு மாதக் கடைசியில் வரும் வருகைப்படி. அதைவிட, பள்ளிக்கூடத்து வராந்தாவில் அம்மாவை நிற்க வைப்பார்கள். நாற்காலி இருக்கும், உட்காரச் சொல்ல மாட்டார்கள். ஒருமையில் பேசுவார்கள். கையெழுத்துப் போடத் தெரியுமா என்று கேட்பார்கள். இதையெல்லாம் பிள்ளை பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். தான் திட்டு வாங்குவதை எந்தப் பிள்ளையும் தாங்கும். தன்னால் அம்மா அவமானப்படுவதைப் பார்ப்பது வேறு. திரும்பி வரும் வழியில் அம்மா எதுவும் பேச மாட்டாள், அல்லது நடுரோட்டிலேயே அடிப்பாள். வாங்கிய அவமானத்தை இறக்கிவைக்க அவளுக்கு வேறு இடமில்லை. இந்த மொத்த நிகழ்ச்சியையும் எந்த அளவுகோல் அளக்கும்? அம்மா அடித்தது மட்டும் ‘வளர்ப்பு முறை’ என்று பதிவாகும்.

தற்கொலையைப் பற்றி அமெரிக்க உளவியலாளர் தாமஸ் ஜாய்னர் 2005இல் முன்வைத்த விளக்கம் ஒன்று உண்டு. தான் எங்கும் சேர்த்தி இல்லை என்ற உணர்வும், தன்னைச் சேர்ந்தவர்களுக்குத் தான் பாரம் என்ற உணர்வும் ஒன்றாகச் சேரும்போது சாவை நோக்கிய ஆசை எழுகிறது என்பார் அவர். அதை முதல் முறை படித்தபோது அவர் நம் ஊர்க் குழுக் கடன் வசூலைப் பார்த்துவிட்டு எழுதினாரோ என்று தோன்றியது. வாரம் தவறாமல் வசூலுக்கு ஆள் வருவான். அம்மா உள்ளே இருந்துகொண்டு, இல்லை என்று சொல்லச் சொல்வாள். வாசலில் நின்று அதைச் சொல்வது பெரும்பாலும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை. அந்தக் கடன் தன் மெட்ரிகுலேஷன் ஃபீஸுக்கோ கோச்சிங் சென்டருக்கோ வாங்கியது என்பது அதற்குத் தெரியும். “உனக்காகத்தான்டா இப்படிக் கஷ்டப்படறோம்”, “நீயாவது படிச்சு எங்களைக் கரையேத்து” என்று தினமும் காதில் விழும். நாம் இதை அன்பால்தான் சொல்கிறோம். கேட்கிற பதினாறு வயதுக்கு, தான் ஒரு முதலீடு, மார்க் குறைந்தால் நஷ்டம் என்று கேட்கிறது. சேர்த்தி இல்லை என்ற உணர்வைப் பள்ளிக்கூடம் கொடுத்துவிடும். பாரம் என்ற உணர்வை, அறியாமலே, வீடு கொடுத்துவிடுகிறது.

இங்கே அனிதாவை நினைக்காமல் இருக்க முடியாது. அரியலூர் குழுமூர் தலித் குடும்பம். தாய் இல்லை. திருச்சி காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் அப்பா. படிக்க வைத்த அண்ணன்கள். பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176. நீட் வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் வரை போன பெண். 2017 ஆகஸ்ட் 22ஆம் தேதி நீட் அடிப்படையில்தான் சேர்க்கை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. செப்டம்பர் 1ஆம் தேதி அவர் இல்லை. அந்த வீட்டின் வளர்ப்பில் யார் என்ன குறை காண முடியும்? நல்ல வளர்ப்பு பிள்ளைக்கு வேலி போடும், உண்மை. அரசே வேலியைப் பிடுங்கிப் போட்டால் அப்பா என்ன செய்வார்? 2023 ஆகஸ்டில் குரோம்பேட்டையில் இரண்டு முறை நீட் எழுதித் தேர்ச்சி பெறாத பத்தொன்பது வயது மாணவர் இறந்து, மறுநாளே அவருடைய தந்தையும் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தத் தந்தையின் வளர்ப்பு முறை எந்த வகை என்று கேட்பதற்கு நமக்கு நா எழுமா?

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள், தமிழ்நாட்டில் 19,834. மகாராஷ்டிராவுக்கு அடுத்து நாம்தான். மாணவர்கள் 13,044. இறந்தவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் தினக்கூலிகள். அதாவது இந்தக் கட்டுரை பேசும் பிள்ளையும் அதன் அப்பாவும் ஒரே அட்டவணையின் இரண்டு வரிசைகளில் இருக்கிறார்கள். காரணம் என்ற பகுதியில் ‘குடும்பப் பிரச்சினைகள்’ 31.7 விழுக்காடு. காவல் நிலையத்தில் அந்தப் படிவத்தை நிரப்புகிறவருக்கு வசதியான கட்டம் அது. குடும்பத்துக்குள் நடந்தது என்று எழுதினால் கோப்பு மூடிவிடும். சாதி என்று ஒரு பத்தியே அந்த ஆண்டறிக்கையின் அட்டவணைகளில் கிடையாது. வயது, பால், கல்வி, வருமானம், தொழில் எல்லாம் கேட்கிற அரசு, இந்த நாட்டில் யார் எந்தத் தெருவில் பிறந்தார் என்பதை மட்டும் கேட்காமல் விட்டிருப்பதை மறதி என்று நான் எடுத்துக்கொள்வதில்லை.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வேலூருக்குப் பக்கத்தில் கணியம்பாடி ஒன்றியத்தில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் சமுதாய நலத் துறை ஊர் ஊராகச் சென்று ஒவ்வொரு மரணத்தையும் பதிவு செய்துவருகிறது. 1992 முதல் 2001 வரையிலான பதிவுகளை வைத்து 2004இல் லான்செட் இதழில் வெளியான கட்டுரை, 10 முதல் 19 வயது வரையிலான பெண்களிடம் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 148 என்றும் ஆண்களிடம் 58 என்றும் சொன்னது. ஏறக்குறைய இரண்டரை மடங்கு. குடும்பச் சண்டை, வீட்டு வன்முறை, படிப்பில் தோல்வி, நிறைவேறாத காதல், மனநோய் என்று அந்த ஆய்வாளர்கள் காரணங்களை வரிசைப்படுத்தியிருந்தார்கள். பெண்ணை வயதுக்கு வந்ததும் வீட்டுக்குள் இழுத்துக்கொள்ளும் வளர்ப்பு முறைக்கு எண்ணில் ஒரு முகம் இருக்கிறதென்றால் அது இந்த 148தான். பழைய கணக்கு என்று தள்ளலாம். அந்தப் பத்தாண்டில் வளர்ந்த பெண்கள்தான் இன்றைக்கு அம்மாக்கள்.

அவர்கள் பிள்ளைகளிடம் பேசும் பேச்சில் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். பெண் வேறு சாதிப் பையனோடு பேசினாள் என்று தெரிந்ததும், பையன் படிக்க மாட்டேன் என்றதும், அம்மா சொல்வாள்: “நான் செத்துடுவேன்.” அப்பா சொல்வார்: “என் பொணத்தைத் தாண்டிப் போ.” எல்லாச் சாதி வீடுகளிலும் இது சகஜமான வாசகம். யாரும் இதை வன்முறையாக எண்ணுவதில்லை, பாசத்தின் உச்சம் என்றே எண்ணுகிறார்கள். அன்பும் கட்டுப்பாடும் சந்திக்கும் இடத்தில் சாவை ஆயுதமாகக் கையில் எடுக்கக் கற்றுக்கொடுப்பது நாமேதான். பேச்சுவார்த்தை முடிந்துபோகும் இடத்தில் சாவைச் சொல்ல வேண்டும் என்று ஐந்து வயதிலிருந்து கேட்டு வளர்ந்த பிள்ளை, தன் பேச்சு எடுபடாத ஒரு நாளில் வேறு எந்த மொழியில் பேசும்? வளர்ப்பு முறை பற்றி நான் படித்த கேள்வித்தாள் எதிலும் இப்படி ஒரு கேள்வி இல்லை. தமிழில் ஒன்று தயாரித்தால் இதை முதல் கேள்வியாக வைக்க வேண்டும்.

இன்னொரு கேள்வியும் வைக்க வேண்டும்: உன் சாதியைப் பற்றி வீட்டில் உன்னிடம் என்ன சொல்லியிருக்கிறார்கள்?

திருநின்றவூர், நெமிலிச்சேரி, வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை என்று ரயில் பாதையை ஒட்டி மனை வாங்கியும் வாடகைக்கு வந்தும் குடியேறிய தலித் குடும்பங்களில் பாதிக்கு மேல், ஊரை விட்டு வந்ததே சேரி என்ற அடையாளத்தை விட்டு வரத்தான். வீட்டுக்காரர் “எந்த ஊரு? ஊர்ல எந்தத் தெரு?” என்று கேட்பார். அது முகவரி விசாரிப்பு அல்ல. அதற்கு ஒரு பதில் தயாராக இருக்கும். பிள்ளைகளுக்கும் அந்தப் பதில் சொல்லிக்கொடுக்கப்பட்டிருக்கும். சுவரில் அம்பேத்கர் படம் இருக்காது, அல்லது பீரோவுக்கு உள்பக்கம் இருக்கும். இப்படி வளர்ந்த பிள்ளையை ஒருநாள் வகுப்பில் ஒருவன் சாதி சொல்லிக் கேலி செய்கிறான். வீட்டுக்கு வந்து சொல்ல முடியாது, ஏனென்றால் வீட்டில் அந்த வார்த்தையே கிடையாது. தன்னிடம் ஏதோ அசிங்கம் இருக்கிறது, அதை அப்பா அம்மாவும் சேர்ந்தே மறைக்கிறார்கள் என்றுதான் அதற்குப் புரிகிறது. அவமானம் வெளியே நடந்தது. தனிமை வீட்டிலிருந்து வந்தது.

இதைப் பெற்றோரின் கோழைத்தனம் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. வாடகை வீடு கிடைக்காதவனுக்குத்தான் அந்தப் பொய்யின் விலை தெரியும். ஆனாலும் கேட்கிறேன்: வெளியே சொல்ல வேண்டாம், சரி, உள்ளேயாவது சொன்னால் என்ன? அமெரிக்கக் கறுப்பினப் பெற்றோர்கள் நிறவெறியைப் பற்றிப் பிள்ளைகளிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்பது அங்கே பெரிய ஆய்வுத் துறை. டயான் ஹியூஸும் சகாக்களும் 2006இல் அதையெல்லாம் தொகுத்தார்கள். தன் இனத்தின் வரலாற்றைப் பெருமையோடு கேட்டு வளரும் பிள்ளைகளின் தன்மதிப்பு பொதுவாக மேலாக இருப்பதும், யாரையும் நம்பாதே என்று மட்டும் சொல்லி வளர்ப்பது பலன் தராமல் போவதும் அதில் தெரிகிறது. நம்மிடம் இதற்கு ஆய்வு குறைவு. ஆனால் முன்னுதாரணம் இருக்கிறது.

ராம்ஜி சக்பால் கண்டிப்பான அப்பா. பாம்ரிண்டின் கட்டங்களில் போட்டால் முதல் கட்டத்தில்தான் அவரைப் போடுவார்கள். பரேலில் ஒரே அறை கொண்ட வீட்டில் மகன் படிக்க இடமில்லை என்பதால், அவனை முன்னிரவில் தூங்கச் சொல்லிவிட்டுத் தான் விழித்திருந்து, பின்னிரவு இரண்டு மணிக்கு எழுப்பிப் படிக்க உட்கார வைத்துவிட்டு அந்த இடத்தில் தான் படுத்துக்கொள்வாராம். புத்தகம் வாங்கக் காசில்லாதபோது, கட்டிக்கொடுத்த மகள்களிடம் கடன் கேட்டு நிற்பாராம். தனஞ்செய் கீர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இவை இருக்கின்றன. அந்தக் கண்டிப்பு அம்பேத்கரை ஏன் நொறுக்கவில்லை? அப்பாவும் கூடவே விழித்திருந்தார் என்பது ஒரு காரணம். வகுப்பில் கோணிப்பை மேல் தனியாக உட்கார வைக்கப்பட்டதும், தண்ணீர்க் குழாயைத் தானே தொட முடியாததும் அந்த வீட்டில் எல்லோரும் அறிந்த சேதிகள் என்பது இன்னொன்று என்று நினைக்கிறேன். கண்டிப்பு இருந்தது, ரகசியம் இல்லை.

சரி, வீட்டில் ஆள் இல்லாத நேரத்துக்கு என்ன செய்வது? பெற்றோருக்கு அறிவுரை முகாம் நடத்துவதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. வர வேண்டியவர்கள் ஷிப்டில் இருப்பார்கள். வேலை செய்த வழிகள் இரண்டைச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் பொதுத்தேர்வில் தோற்றவர்கள் அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டிய நிலை முன்பு இருந்தது. சென்னையில் 1986இல் ‘சிநேகா’ அமைப்பைத் தொடங்கிய மருத்துவர் லட்சுமி விஜயகுமார் போன்றவர்கள் வலியுறுத்தியதன் பேரில், ஓரிரு மாதத்துக்குள் துணைத் தேர்வு எழுதி அதே ஆண்டில் கல்லூரிக்குப் போகலாம் என்று அரசு மாற்றியது. அதன் பிறகு தேர்வுத் தோல்வியை ஒட்டிய தற்கொலைகள் இங்கே குறைந்தன. எந்தப் பெற்றோரின் குணமும் மாறவில்லை, தேர்வு அட்டவணை மாறியது. அடுத்தது, ஐரோப்பாவில் பத்து நாடுகளில் 168 பள்ளிகளில் 11,110 மாணவர்களிடம் நடத்தப்பட்டு 2015இல் லான்செட்டில் வெளிவந்த ஆய்வு. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த பள்ளிகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. மாணவர்களோடு நேரடியாக உட்கார்ந்து மனநலத்தைப் பற்றிப் பேசி, நடித்துப் பார்த்து, விவாதித்த பள்ளிகளில் தற்கொலை முயற்சிகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன.

இதைச் செய்ய நமக்குக் கட்டடம் ஏற்கெனவே இருக்கிறது. எந்தக் காலனியிலும் அம்பேத்கர் மன்றமோ இரவுப் பாடசாலையோ, பூட்டிக் கிடந்தாலும், இருக்கும். பள்ளி விட்டு அம்மா வந்து சேரும் வரை, ஐந்து முதல் ஒன்பது மணி வரை, அங்கே ஒரு அண்ணனோ அக்காவோ இருந்தால் போதும். கணக்குச் சொல்லிக்கொடுப்பது இரண்டாவது வேலை. “ஏன்டா ரெண்டு நாளா வரலே?” என்று கேட்க ஓர் ஆள் இருப்பது முதல் வேலை. பேச்சைக் குறைத்துக்கொண்ட, தூக்கம் கெட்ட, பிடித்த பொருளைப் பிறருக்குக் கொடுத்துவிடுகிற, தான் இல்லாவிட்டால் நல்லது என்கிற பிள்ளையிடம், சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது என்பதை ஆய்வுகள் உறுதிப்படுத்தியிருக்கின்றன. கேட்ட பிறகு அந்தப் பிள்ளையைத் தனியாக விடக் கூடாது. 14416 என்ற எண்ணில் அரசின் மனநல உதவி எந்நேரமும் கிடைக்கும், தமிழிலேயே பேசலாம். 104லும் பேசலாம். குழந்தைகளுக்கு 1098. மன்றத்துச் சுவரில் தலைவர்கள் படத்துக்குக் கீழே இந்த எண்களை எழுதி வைக்கத் தோழர்களுக்கு ஒரு டப்பா பெயின்ட்தான் செலவு.

அரசிடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு தலித் மாணவர் சக மாணவர்களாலேயே வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. 500 மாணவர்களுக்கு மேல் படிக்கும் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் பள்ளி நல அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. அதைச் சாதிப் பிரச்சினைக்கான பரிந்துரை, மனநலம் வேறு துறை என்று பிரித்துப் பார்க்காமல் உடனே நிறைவேற்றச் சொல்லி நாம் கேட்க வேண்டும்.

கல்வி உரிமைச் சட்டத்தின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள், நலிந்த பிரிவினருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம். காகிதத்தில் நாம்தான் பெரும்பான்மை. வேலை நாளின் பகலில் கூடும் கூட்டத்துக்கு முதல் ஷிப்டிலும் ஹவுஸ்கீப்பிங்கிலும் இருக்கும் பெற்றோர் எப்படி வருவார்கள்? கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வைக்கச் சொல்லி, வருகிறவர்களுக்கு நாற்காலி போடச் சொல்லி, மாணவரைக் கண்டிப்பதற்காகப் பெற்றோரை வேலை நேரத்தில் வரவழைப்பதில்லை என்று தீர்மானம் எழுதச் சொல்லி அடுத்த கூட்டத்திலேயே கேளுங்கள். குழுவில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று தலைமையாசிரியர் அறைக்கு வெளியே பலகையில் பார்த்துக்கொள்ளலாம்.